விடுப்பும் வானூர்தியும்: ஜெர்மனியின் கொண்டோர் நிறுவனம் வளர்ந்த கதை

கலைச்சொல்லாக்க வகுப்புகளில் நாம் திரும்பத் திரும்பச் சந்திக்கும் இடர்ப்பாடு ஒன்று உண்டு. பொருளை அறியாமல் சொல்லை மட்டும் பெயர்க்க முயல்வதே அது. ‘சார்ட்டர் ஃப்ளைட்’ என்பதை நம் செய்தித்தாள்கள் பெரும்பாலும் ‘வாடகை விமானம்’ என எழுதுகின்றன. வாடகை என்றவுடன் மாணவரின் மனத்தில் தோன்றுவது வாடகைக் கார். கையைக் காட்டி நிறுத்தி ஏறிக்கொள்ளும் ஊர்தி. ஐரோப்பியரின் விடுமுறைப் பழக்கத்தையே மாற்றியமைத்த ஒரு தொழில்முறை அச்சொல்லுக்குள் அடங்கியிருக்கிறது என்பது அவருக்குப் புலப்படுவதில்லை. எனவே சொல்லை ஒருபுறம் வைத்துவிட்டு, அத்தொழிலில் தோன்றி எழுபது ஆண்டுகளாகப் பறந்துகொண்டிருக்கும் நிறுவனம் ஒன்றின் வரலாற்றை இங்கு எடுத்துக்கொள்கிறோம். ஜெர்மனி நாட்டின் ‘கொண்டோர்’ என்பது அதன் பெயர். சொற்கள் தாமே வழியில் வந்து சேரும்.

‘சார்ட்டர்’ என்பதன் வேர் கிரேக்கத்தில் ‘தாள்’ எனப் பொருள்படும் சொல். இடைக்கால ஐரோப்பாவில் கப்பலை ஒப்பந்தத்துக்கு எடுத்த வணிகர், உடன்பாட்டை ஒரே தாளில் இருமுறை எழுதி, நடுவே வெட்டி, ஆளுக்கு ஒரு பாதியாக வைத்துக்கொண்டனர். இரு பாதிகளும் பொருந்தினால் ஒப்பந்தம் மெய்யானது. ‘பிளவுண்ட தாள்’ எனப் பொருள்படும் இலத்தீன் தொடரிலிருந்தே கப்பல் ஒப்பந்தத்துக்கு இன்றும் வழங்கும் ஆங்கிலச் சொல் பிறந்தது. தமிழிலும் ‘முறி’ என்பது உடைதலையும் உடைந்த துண்டையும் குறிப்பதோடு ஆவணத்தையும் குறிக்கும். இலங்கைத் தமிழில் அரசு கடன் பத்திரத்தைப் ‘பிணைமுறி’ என இன்றும் வழங்குகின்றனர். இரண்டுக்கும் உறவு உண்டு என நாம் சொல்லவில்லை. ஒப்பந்தம் என்றாலே பிளவையும் பொருத்தத்தையும் நினைக்கும் மனம் இரு மொழிகளிலும் உண்டு என்பதோடு நிறுத்திக்கொள்வோம்.

இனி, தொழில்முறையைக் காண்போம். கால அட்டவணைப்படி பறக்கும் நிறுவனம், ஏறுவோர் பத்துப் பேராயினும் நூறு பேராயினும் குறித்த நேரத்தில் புறப்பட்டாக வேண்டும். காலியான இருக்கைகளின் செலவை நிறைந்த இருக்கைகளே சுமக்கின்றன. ஒரு பறப்பின் மொத்தச் செலவு 9,000 என்க. அறுபது பேர் ஏறினால் தலைக்கு 150. தொண்ணூறு பேர் ஏறினால் 100. ஒப்பந்தப் பறப்பில் சுற்றுலா முகவர் ஊர்தி முழுவதையும் ஒரு பருவத்துக்கு எடுத்துக்கொள்கிறார். விடுதியறையையும் மொத்தமாக எடுத்துக்கொள்கிறார். இரண்டையும் சேர்த்து ஒரே விலைக்குப் பயணிக்கு விற்கிறார். இருக்கைகள் நிறையாமற்போனால் இழப்பு முகவருடையது. வானூர்தி நிறுவனத்துக்குரிய தொகை வந்துவிடும். எனவே நிரப்பும் பொறுப்பு முழுவதும் விற்பவரிடம் இருக்கிறது. அவர் முனைந்து நிரப்புகிறார். நிரம்புவதால் விலை இறங்குகிறது.

இதில் ஒரு கணக்குச் சிக்கலும் உண்டு. வாரந்தோறும் ஒரு குழுவை இறக்கிவிட்டு முந்திய குழுவை ஏற்றிவருவதே வழக்கம். பருவத்தின் முதற்பயணத்தில் திரும்பிவர ஆள் இல்லை. இறுதிப் பயணத்தில் அழைத்துச் செல்ல ஆள் இல்லை. நான்கு குழுக்களே உள்ள குறும்பருவத்தில் பத்துப் பறப்புகளுள் இரண்டு வெறுமையாகப் போகும். இருபது குழுக்கள் உள்ள பருவத்திலோ நாற்பத்திரண்டில் இரண்டு மட்டுமே. பருவத்தை நீட்டுவதே இத்தொழிலின் உயிர்நாடி என்பது இதனால் விளங்கும். இக்கணக்கை நினைவில் வைத்துக்கொள்ளுமாறு மாணவர்களை வேண்டுகிறோம். பின்னர் இலங்கை வரையில் நம்மை அது அழைத்துச் செல்லும்.

மொத்தமாக வாங்கிச் சில்லறையாக விற்கும் இப்பயணமுறை வானூர்திக்கு முன்பே தோன்றியது. 1841 ஜூலை 5ஆம் நாள் இங்கிலாந்தின் லெஸ்டர் நகரிலிருந்து லஃப்பரோவுக்கு, மதுவிலக்குக் கூட்டம் ஒன்றுக்காகத் தாமஸ் குக் என்பவர் தனித் தொடர்வண்டியில் ஏறத்தாழ ஐந்நூறு பேரை ஒரு ஷில்லிங் கட்டணத்தில் அழைத்துச் சென்றார். இப்பெயரும் பின்னர் நம் கதையில் வரும். வானில் இதைச் செய்துகாட்டியவருள் முன்னோடி விளாதிமிர் ராய்ட்ஸ். 1950இல் அவர் இலண்டனிலிருந்து கோர்சிகாத் தீவின் கால்வி கடற்கரைக்குப் பறப்பு, கூடாரத்தில் தங்கல், உணவு அனைத்தும் சேர்த்து 32 பவுன் 10 ஷில்லிங்குக்கு விற்றார். அரசு வானூர்தி நிறுவனத்தின் பயணச்சீட்டு மட்டுமே அதைப்போல் இருமடங்குக்கு மேல் விலை பெற்ற காலம் அது. அரசு அவருக்கு உரிமம் அளித்தது. ஆயின் ஒரு நிபந்தனையுடன். மாணவர்களையும் ஆசிரியர்களையும் மட்டுமே ஏற்றிச்செல்லலாம் என்பதே அந்நிபந்தனை! இந்நூலைக் கையில் வைத்திருக்கும் இரு சாராரும் சற்றே பெருமிதம் கொள்ளலாம்.

ஜெர்மனிக்கு வருவோம். இரண்டாம் உலகப் போருக்குப் பின் அந்நாட்டார் வானூர்தி ஓட்ட நேச நாடுகள் தடை விதித்திருந்தன. 1955இல் மேற்கு ஜெர்மனி இறையாண்மை பெற்றபோதே அத்தடை நீங்கியது. அவ்வாண்டு ஏப்ரலில் லுஃப்ட்ஹான்சா மீண்டும் பறக்கத் தொடங்கிற்று; டிசம்பர் 21இல் ‘ஜெர்மன் பறப்புப் பணியகம்’ எனப் பொருள்படும் பெயருடன் மற்றொரு நிறுவனம் பதிவாயிற்று. இதுவே பின்னாளைய கொண்டோர். இதன் பங்குதாரரைக் கவனிக்க வேண்டும். வட ஜெர்மன் லாய்ட், ஹாம்பர்க் அமெரிக்கா ஆகிய கப்பல் நிறுவனங்கள் தலைக்கு 27.75 விழுக்காடு, லுஃப்ட்ஹான்சா 26, எஞ்சிய 18.5 தொடர்வண்டித் துறை. கடலும் தண்டவாளமும் சேர்ந்து வானத்தில் முதலீடு செய்தன எனலாம். பாதிக்கு மேற்பட்ட பங்கு கப்பற்காரர்களுடையது.

ஜெர்மன் மொழியும் இதனைச் சொல்கிறது. 1957இல் ஹாம்பர்க்கில் வேறொரு நிறுவனம் ‘கொண்டோர் லுஃப்ட்ரேடரை’ என்னும் பெயரில் தோன்றியது. ‘ரேடரை’ என்பது கப்பல் நிறுவனம். ‘லுஃப்ட்’ என்றால் காற்று. காற்றுக் கப்பல் நிறுவனம் என்பது நேர்ப்பொருள். புதிய ஊர்திக்குப் பழைய ஊர்தியின் சொல்லை உடுத்துவது மொழிகளின் இயல்பு. மலாய் மொழியில் வானூர்தியைக் ‘காப்பால் தெர்பாங்’, அதாவது பறக்கும் கப்பல், என்கிறோம். அக்‘காப்பால்’ நம் ‘கப்பல்’ என்பதே. வானூர்தி நிலையத்துக்குப் போகும் ஒவ்வொரு மலாய்க்காரரும் தம்மையறியாமல் ஒரு தமிழ்ச்சொல்லைப் பறக்கவிடுகிறார்.

மேற்சொன்ன ஹாம்பர்க் நிறுவனத்தை வைத்திருந்தவர் ஓட்கர். ஜெர்மனியின் அடுக்களைகளில் இன்றும் அப்பெயர் பேக்கிங் பவுடர் பொட்டலத்தில் காணப்படும். கப்பல் தொழிலும் அவருடைய குடும்பத்துக்கு அந்நாளில் இருந்தது. இதற்கிடையே பறப்புப் பணியகத்தின் ஏனைய பங்குகளை வாங்கிக்கொண்ட லுஃப்ட்ஹான்சா, 1961இல் ஓட்கரின் நிறுவனத்தையும் வாங்கி இரண்டையும் இணைத்தது. நிறுவனம் பழையது, பெயர் மட்டும் வாங்கப்பட்டதிலிருந்து எடுத்துக்கொள்ளப்பட்டது. ஆண்டீஸ் மலைகளில் வட்டமிடும் பெருங்கழுகுக்குக் கெச்சுவா மொழியார் வழங்கிய ‘குந்தூர்’ என்னும் பெயர், எசுப்பானிய மொழி வழியாக ஐரோப்பாவை அடைந்து, ‘கொண்டோர்’ ஆயிற்று. தமிழ் எழுத்தில் எழுதும்போது அது ‘கைக்கொண்டவர்கள்’ எனவும் பொருள்தரும் தற்செயலை நாம் தவிர்க்க இயலாது. எத்தனை கைகள் இந்நிறுவனத்தைக் கொண்டன என்பதைக் காணுங்கால் அத்தற்செயல் பொருத்தமாகவே தோன்றும்.

நிறுவனத்தின் முதற்பறப்பு 1956 மார்ச் இறுதியில் நிகழ்ந்தது. 36 இருக்கைகள் கொண்ட விக்கர்ஸ் வைக்கிங் வானூர்தி. பயணிகள் கடற்கரை தேடிச் சென்றவர்கள் அல்லர். ஃபிராங்ஃபர்ட்டிலிருந்து புனித பூமிக்குச் சென்ற யாத்திரிகர்கள். விடுமுறை நிறுவனம் ஒன்று யாத்திரையில் தொடங்கியது சொல்லாய்வாளருக்கு வியப்பளிக்காது. ‘ஹாலிடே’ என்னும் ஆங்கிலச் சொல்லே ‘புனித நாள்’ என்பதன் மரூஉ. விடுமுறையைக் குறிக்கும் ஜெர்மன் சொற்களுள் ஒன்றான ‘ஃபேரியன்’, இலத்தீனில் சமயத் திருநாள்களைக் குறித்த சொல்லிலிருந்து வந்தது. நம் ஊர்களில் திருவிழாவை ஒட்டியே மக்கள் ஊர்விட்டு ஊர் சென்ற வழக்கத்தை முதியோர் அறிவர்.

மற்றொரு ஜெர்மன் சொல் இதைவிடச் சுவையானது. பணியிலிருந்து பெறும் விடுப்புக்கு அவர்கள் ‘ஊர்லவ்ப்’ என்பர். பழைய ஜெர்மனில் அதன் பொருள் ‘இசைவு’, அதாவது தலைவனிடமிருந்து விலகிச் செல்லப் பெறும் அனுமதி. நம் ‘விடுப்பு’ என்பதும் ‘விடு’ என்னும் வினையடியே. ஒருவர் விட, மற்றொருவர் போகிறார். விடுபவர் யார் என்னும் வினா இரு சொற்களிலும் மறைந்து நிற்கிறது. 1963 ஜனவரியில் மேற்கு ஜெர்மனி இயற்றிய கூட்டாட்சி விடுப்புச் சட்டம், ஒவ்வொரு பணியாளருக்கும் ஊதியத்துடன் கூடிய குறைந்தபட்ச ஆண்டு விடுப்பை உறுதிசெய்தது. சொல் பழையதாகவே இருக்க, பொருள் இசைவிலிருந்து உரிமைக்கு மாறிவிட்டது. வானூர்திகள் நிறைந்ததற்கு மலிந்த கட்டணம் ஒரு காரணம் என்றால் இச்சட்டம் மற்றொரு காரணம். நம் கருத்தில் இதுவே பெரிது. நாள் இல்லாதவனுக்கு மலிவான சீட்டால் என்ன பயன்?

அறுபதுகளில் அஞ்சல்வழி விற்பனை நிறுவனங்கள் இத்தொழிலில் நுழைந்தன. துணியும் தட்டுமுட்டுச் சாமானும் விற்ற நெக்கர்மன் நிறுவனம், அதே வகையில் மயோர்க்காத் தீவையும் படம்போட்டு விற்றது. அதுவரை வசதியுடையோர் சென்ற அத்தீவுக்குத் தொழிலாளர் குடும்பங்கள் செல்லலாயின. உடனே மேட்டுக்குடியினர் வாயில் அத்தீவுக்கு ஒரு பட்டப்பெயர் வழங்கலாயிற்று: ‘துப்புரவுப் பெண்களின் தீவு’. ஒரு சமூகம் தன் ஏற்றத்தாழ்வை எங்கே ஒளித்துவைத்திருக்கிறது என்பதை அகராதியைவிட வசைச்சொற்கள் தெளிவாகக் காட்டும். அப்பெண்கள் பெட்டியோடு வானூர்தியில் ஏறிச் சென்றனர் என்பதுதான் வரலாறு. பட்டப்பெயர் வைத்தவரால் அதைத் தடுக்க இயலவில்லை.

கோடை நிறைந்தது, குளிர்காலம் என்ன செய்வது? மத்தியதரைக் கடற்கரைகள் டிசம்பரில் குளிர்ந்து கிடக்கும். வானூர்தியோ நின்றாலும் கடன் தவணை கேட்கும். முன்னர்ச் சொன்ன பருவக் கணக்கு இங்கு வருகிறது. ஐரோப்பா உறையும் மாதங்களில் வெயில் அடிக்கும் நாடுகளைத் தேடியாக வேண்டும். 1966இல் கொண்டோர் தாய்லாந்து, கென்யா, டொமினிக்கன் குடியரசு ஆகிய நாடுகளுடன் இலங்கைக்கும் நெடுந்தொலைவுப் பறப்புகளைத் தொடங்கியது. அதே 1966இல்தான் இலங்கை அரசு சுற்றுலாச் சபையைச் சட்டம் இயற்றி நிறுவியது. நீர்கொழும்பு, பெந்தோட்டை முதலிய மேற்குக் கரையோரங்களில் விடுதிகள் எழுந்து, ஜெர்மானியப் பயணிகள் அங்கே வழக்கமான காட்சியாகினர். மேற்குக் கரையில் டிசம்பர் முதல் மார்ச் வரை மழை குறைவு, கடல் அமைதி. ஐரோப்பியக் குளிரும் இலங்கையின் வறண்ட பருவமும் ஒன்றுக்கொன்று பொருந்தின, பிளவுண்ட தாளின் இரு பாதிகளைப் போல.

1971இல் இந்நிறுவனம் போயிங் 747 ஒன்றை வாங்கியது. உலகிலேயே அப்பெருவானூர்தியை ஓட்டிய முதல் விடுமுறை நிறுவனம் இதுவே. அதற்குச் செல்லமாக ‘ஃபிரிட்ஸ்’ என்று பெயரிட்டனர். அண்டை வீட்டுச் சிறுவனுக்குரிய பெயரை அத்துணைப் பெரிய இயந்திரத்துக்கு இட்டதில் வணிக அறிவு உண்டு: அதுவரை வானூர்தியில் ஏறாத மக்களின் அச்சத்தை அப்பெயர் ஓரளவு தணித்திருக்கும். ஆயின் 1973இல் எண்ணெய் விலை ஏறியபின் அத்தகைய ஊர்தியை நிரப்புவது எளிதாக இல்லை. எழுபதுகளின் இறுதியில் அதனினும் சிறிய டிசி-10 வகை அதன் இடத்தைப் பெற்றது.

எண்பதுகளைப் பற்றி அதிகம் சொல்ல வேண்டியதில்லை. வளர்ச்சி சீராக இருந்தது. பெரிய மாற்றம் தொண்ணூறுகளில் வந்தது. 1993 முதல் நடைமுறைக்கு வந்த ஐரோப்பிய விதிகள், ஒன்றியத்தின் எந்த நிறுவனமும் தன் விருப்பப்படி தடத்தையும் கட்டணத்தையும் வகுத்துக்கொள்ள வழிசெய்தன. ராயன்ஏர் போன்ற மலிவுக் கட்டண நிறுவனங்கள் இருக்கையைத் தனித்தனியே விற்று, முகவரே இல்லாமல் கடற்கரைக்கு அழைத்துச் சென்றன. மொத்தமாக விற்கும் முறைக்கு இருந்த தனி ஆதாயம் கரையத் தொடங்கியது. கொண்டோரும் தனி இருக்கை விற்பனைக்கு இறங்க நேர்ந்தது. மற்றொருபுறம், பயணத்தொழிலின் அத்தனை படிகளையும் ஒரே கையில் வைத்திருப்பதே பாதுகாப்பு என்னும் எண்ணமும் பரவிற்று. 1998இல் லுஃப்ட்ஹான்சாவும் கார்ஷ்டாட் பல்பொருள் அங்காடி நிறுவனமும் சேர்ந்து கொண்டோரையும் நெக்கர்மன் சுற்றுலாவையும் ஒரே குழுமமாக்கின. அக்குழுமம் 2001இல் பிரிட்டனின் தாமஸ் குக்கை வாங்கியது. வாங்கியபின் வாங்கப்பட்டவரின் பெயரையே தானும் சூட்டிக்கொண்டது. 1961இல் நிகழ்ந்தது மீண்டும் நிகழ்ந்தது.

2003இல் வானூர்திகளின் உடலிலும் ‘தாமஸ் குக்’ என எழுதப்பட்டது. கொண்டோர் என்பது அதன் அடியில் சிற்றெழுத்தில் ஒடுங்கிற்று. ஏறத்தாழ ஓராண்டே அது நிலைத்தது. 2004இல் பழைய பெயர் திரும்பியது. நான்கு பதிற்றாண்டுகளாக மக்கள் தம் விடுமுறையோடு சேர்த்து நினைவில் வைத்த பெயரைக் குழும அலுவலக ஆணையால் மாற்றிவிட முடியவில்லை. மொழித்திட்டமிடலில் ஈடுபடுவோர் கவனிக்க வேண்டிய நிகழ்வு இது.

2019 செப்டம்பர் 23 அதிகாலையில் தாமஸ் குக் குழுமம் வீழ்ந்தது. 178 ஆண்டு வரலாறு. ஏறத்தாழ 21,000 பணியாளர். வெளிநாடுகளில் ஆறு இலட்சம் பயணிகள். பிரிட்டன் அரசு வானூர்திகளைத் திரட்டி, தன் நாட்டார் ஒன்றரை இலட்சம் பேரை மீட்க வேண்டியதாயிற்று. ஆயின் அதே நாளில் கொண்டோரின் வானூர்திகள் பறந்துகொண்டிருந்தன. காரணம் எளிது: அது தனிச் சட்டவுருக்கொண்ட நிறுவனம்; தன்னளவில் ஆதாயம் ஈட்டியது. இடர்ப்பாடு வேறிடத்தில் இருந்தது. குழும நிறுவனங்களிடமிருந்து அதற்கு வரவேண்டிய பெருந்தொகை வீழ்ச்சியோடு மறைந்துபோயிற்று. கோடை வருவாயைச் சேமித்துக் குளிர்காலத்தைக் கடப்பது இத்தொழிலின் நடைமுறை. சேமிப்பு போன நாளோ செப்டம்பர் இறுதி.

ஜெர்மன் கூட்டாட்சி அரசும் ஹெஸ்ஸன் மாநில அரசும் 38 கோடி யூரோ இடைக்காலக் கடனுக்குப் பொறுப்பேற்றன. அக்டோபரில் ஐரோப்பிய ஆணையம் அதற்கு ஒப்புதல் அளித்தது. நிறுவனம் ‘ஷுட்ஸ்ஷிர்ம்’ என்னும் சட்ட நடைமுறையில் புகுந்தது. கடன்காரர் நெருக்காதவாறு நீதிமன்றக் காவலில் நின்று தன்னைச் சீரமைத்துக்கொள்ள அது வாய்ப்பளிக்கிறது. அச்சொல்லின் நேர்ப்பொருள் ‘காப்புக் குடை’. வெண்கொற்றக் குடையின் நிழலைக் காவலுக்கு உருவகமாக்கிய மரபினர்க்கு இச்சட்டத்தின் பொருளை விளக்கத் தனி உரை தேவையில்லை. ‘நொடிப்புநிலைத் தற்காப்பு நடவடிக்கை’ என்று கரடுமுரடாகப் பெயர்ப்பதைவிடக் ‘காப்புக்குடை நடைமுறை’ என்றே எழுதலாம்.

2020 ஜனவரியில் போலந்தின் லாட் வானூர்தி நிறுவனத்தை உடைய குழுமம் கொண்டோரை வாங்க முன்வந்தது. பெருந்தொற்று பரவியதும் ஏப்ரலில் விலகிக்கொண்டது. மீண்டும் அரசு, இம்முறை 55 கோடி யூரோ. பொதுமக்கள் பணத்தால் ஒரு நிறுவனத்தை இருமுறை தாங்கலாமா என்னும் வினா எழுந்தது. ராயன்ஏர் வழக்குத் தொடுத்தது. 2021 ஜூனில் ஐரோப்பிய ஒன்றியப் பொது நீதிமன்றம், ஆணையம் தன் ஒப்புதலுக்குப் போதிய காரணம் காட்டவில்லை என அதனை நீக்கியது; எனினும் பெருந்தொற்றுச் சூழலைக் கருதித் தீர்ப்பின் விளைவை நிறுத்திவைத்தது. வழக்கில் நியாயம் இல்லை எனச் சொல்ல மாட்டோம். போட்டியாளருக்கு இல்லாத தாங்கல் ஒருவருக்கு மட்டும் கிடைப்பது சந்தை விதிக்கு மாறானதே. ஆயின் பிரிட்டன் தன் நிறுவனத்தை விழவிட்டபின் மக்களை மீட்கவும் பொதுப்பணத்தையே செலவிட்டது. தாங்குவதற்கும் செலவு, கைவிடுவதற்கும் செலவு. ஜெர்மனி முன்னதைத் தேர்ந்தது. பல்லாயிரம் குடும்பங்களின் ஊதியம் அத்தேர்வில் தொங்கிக்கொண்டிருந்தது என்பதால் அதைக் குறைகூற எமக்கு மனம் வரவில்லை. அவ்வாண்டிலேயே அட்டெஸ்டர் என்னும் முதலீட்டு நிறுவனம் 51 விழுக்காட்டைப் பெற்றது.

2022 ஏப்ரலில் வானூர்திகள் புதுக்கோலம் பூண்டன. கடற்கரைக் குடை, துவாலை, சாய்நாற்காலி ஆகியவற்றின் பட்டைகளை நினைவூட்டும் வகையில், மூக்கிலிருந்து வால்வரை அகன்ற பட்டைகள். மஞ்சள், சிவப்பு, நீலம், பச்சை, மணல்நிறம் என ஐவகை. வானூர்தி ஆர்வலர் பலர் நகைத்தனர். ஆனால் ஓடுதளத்தின் மறுகோடியில் நின்றாலும் அது யாருடையது என்பது தெரிந்துவிடுகிறது.

அண்மைக் காலத்தில் நிறுவனம் வேறொரு திசையில் திரும்பியுள்ளது. நெடுந்தொலைவுப் பயணிகளை ஃபிராங்ஃபர்ட்டுக்குக் கொண்டுவந்து சேர்க்க அது முன்பு லுஃப்ட்ஹான்சாவின் இணைப்புப் பறப்புகளையே நம்பியிருந்தது. பழைய தாய் நிறுவனம் அவ்வுடன்பாட்டை முறித்துக்கொள்ள முற்பட்டபின், 2025இல் பெர்லின், ஹாம்பர்க், மியூனிக், வியன்னா, சூரிக் முதலிய நகரங்களுக்குத் தானே பறக்கத் தொடங்கிற்று. அலுவற் பயணியும் இன்று அதன் பட்டை போட்ட வானூர்தியில் பெட்டியுடன் ஏறலாம். முழு ஊர்தியை முகவருக்கு ஒப்பந்தமாக விடுவது அதன் தொழிலின் ஒரு பகுதியே. ஆயினும் ஜெர்மன் நாளிதழ்கள் அதனைக் குறிப்பிடும்போதெல்லாம் ‘ஃபேரியன்ஃப்ளீகர்’, அதாவது ‘விடுமுறைப் பறவர்’, என்னும் அடைமொழியையே இன்றும் எழுதுகின்றன.